பயணத் தொழிலுக்குத் திறமூல மென்பொருள்: சொந்தத் தரவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பயண நிறுவனம் நடத்துபவரிடம் அவருக்கே சொந்தமானது என்று என்ன இருக்கிறது? இருக்கை விமான நிறுவனத்துடையது. அறை விடுதிக்காரருடையது. வண்டி பல நேரம் வாடகை வண்டி. மிஞ்சுவது அவர் சேர்த்து வைத்திருக்கும் விவரம்தான். எந்தக் குடும்பம் எந்த வருடம் எங்கே போனது, யாரால் மாடிப்படி ஏற முடியாது, ரத்து செய்தால் எந்த விடுதி முன்பணத்தைத் தகராறில்லாமல் திருப்பித் தரும், விடியற்காலை நாலு மணிக்கு வரச் சொன்னால் எந்த ஓட்டுநர் மூன்றே முக்காலுக்கு வந்து நிற்பார் என்பதெல்லாம் அதில் அடங்கும். அந்த விவரம் இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேறு யாருடைய பூட்டுக்குள்ளோ இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு உதவப் போனேன். அவர்கள் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வந்த முன்பதிவு மென்பொருளை அதன் உரிமையாளர்கள் நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தார்கள். பல வருட முன்பதிவுகள் அதற்குள் இருந்தன. வெளியே எடுக்க ஒரே வழிதான்: ஒவ்வொரு முன்பதிவையும் தனித்தனியாகத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டும். இரண்டு பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அப்படியும் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேரின் விவரம் வந்து சேரவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது, அதிலிருந்து வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

திறமூல மென்பொருளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ‘இலவசம்’ என்ற சொல் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. உரிமத்துக்குப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சர்வர், அமைத்துத் தருபவர், பராமரிப்பு, ஊழியர் பயிற்சி என்று செலவு இருக்கத்தான் செய்யும். பயணத் தொழிலுக்கு அதன் பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. நினைத்தபோது கிளம்பலாம், போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

தொடங்கும் முன் மூன்று சொற்கள்

திறமூல மென்பொருள் என்றால் அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். பயனரின் சுதந்திரத்தை முன்வைத்துப் பேசுபவர்கள் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். திறந்த தரநிலை என்பது இரண்டு அமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதியை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டு வைப்பது. திறந்த தரவு என்றால் வரைபடம், விமான நிலையக் குறியீடு, பேருந்து நேரம் போன்றவற்றை யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிப்பது.

மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால், பயணத் தொழிலுக்கு நடுவில் இருக்கும் திறந்த தரநிலைதான் என்பேன். தரநிலையை மதித்துத் தரவை ஒழுங்காக வெளியே தரும் மூடிய மென்பொருள்கூட, தரவைக் கந்தரகோலமாக வைத்திருக்கும் திறமூல மென்பொருளைவிட மேல்.

இந்தத் துறைக்கு இது புதுப் பேச்சு இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற விமான முன்பதிவு அமைப்பு 1960-களில் இயங்கத் தொடங்கியது. ஏர் பிரான்ஸ், ஐபீரியா, லுஃப்தான்ஸா, எஸ்ஏஎஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 1987-ல் அதே வகை அமைப்பான அமாடியஸைத் தொடங்கின. உலகம் முழுவதும் இருக்கும் இருக்கைகளை ஒரு திரைக்குக் கொண்டு வந்தது மகத்தான வேலை. அதே சமயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டளை மொழி; அதைக் கற்ற முகவர் அதோடு கட்டுப்பட்டுப் போனார். 1999-ல் ஓப்பன் டிராவல் கூட்டமைப்பு உருவாகி, ஓட்டல், வாடகை கார், விமானம் என்று எல்லோரும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்குப் பொது வடிவம் எழுதத் தொடங்கியது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ, விமான நிறுவனங்களும் முகவர்களும் விவரம் பரிமாறிக்கொள்ள என்டிசி என்ற எக்ஸ்எம்எல் தரநிலையை 2012-ல் முன்வைத்தது. பெரியவர்களே திறந்த பேச்சுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போது சிறிய நிறுவனம் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 1: இருப்பதை எழுதுங்கள், வெளியேறிப் பாருங்கள்

ஒரு தாளில் நீங்கள் பயன்படுத்தும் எல்லா மென்பொருளையும் சேவைகளையும் எழுதுங்கள். இணையதளம், மின்னஞ்சல், முன்பதிவு, கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், வரைபடம், பணம் வாங்கும் வழி, ஊழியர்களின் கைப்பேசியில் இருக்கும் தொடர்பு எண்கள், யாரோ ஒருவரின் கணினியில் மட்டும் இருக்கும் அந்த எக்செல் கோப்பு உட்பட.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? தரவை முழுதாக எடுக்க முடியுமா? எடுத்தால் என்ன வடிவத்தில் வரும்? நாளைக்கே இது நின்றுபோனால் எத்தனை நாள் தாக்குப் பிடிப்போம்?

இரண்டாவது கேள்விக்கு ‘முடியும்’ என்று விற்பனையாளர் சொன்னதை வைத்து எழுதாதீர்கள். இன்றைக்கே எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் வரும்; பயண வரலாறு வராது. முன்பதிவு வரும், அதற்கு வந்த பணம் வராது. இணைத்த கோப்புகள் எதுவும் வராது. இப்படி ஓட்டைகள் தெரிய ஒரு மத்தியானம் போதும். முதல் கேள்வியில் டொமைன் பெயரை, அதாவது உங்கள் இணைய முகவரியை, தனியாகப் பாருங்கள். இணையதளம் செய்து கொடுத்தவரின் பெயரில் டொமைன் பதிவாகியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதை உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் இந்த முழு வழிகாட்டியிலும் முதலில் செய்ய வேண்டிய வேலை.

படி 2: தரவைச் சுத்தம் செய்து உங்கள் பக்கம் கொண்டு வாருங்கள்

புது மென்பொருளை இன்ஸ்டால் செய்யும் முன் இதை முடித்துவிட வேண்டும். பலரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

தரவை எல்லா மென்பொருளும் படிக்கும் சிஎஸ்வி வடிவத்தில் எடுங்கள். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்களும் பிரெஞ்சு, ஜெர்மன் ஊர்ப் பெயர்களும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். யூடிஎஃப்-8 கோப்பையே எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் சில சமயம் எழுத்து உடைந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள். லிப்ரே ஆபிஸில் திறந்தால் எந்தக் குறியாக்கம் என்று அதுவே கேட்கும், சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு முன்பதிவுக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், ஒரே ஆளின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் தனிப் புலமாக இருக்கட்டும். விமான முன்பதிவின் ஆறு எழுத்துப் பிஎன்ஆர் குறியீடு, விடுதியின் உறுதி எண் இரண்டையும் உங்கள் எண்ணோடு சேர்த்தே வையுங்கள். நாளையே மென்பொருள் முழுதும் போனாலும் அந்த எண்களை வைத்துப் பயணியைக் கரை சேர்த்துவிடலாம்.

தேதியை வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். இது ஐஎஸ்ஓ 8601 தரநிலை. 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. தவறான நாளில் அறை பதிவாக இது ஒன்றே போதும். பணத்துக்கு ஐஎஸ்ஓ 4217-ன் மூன்றெழுத்துக் குறியீட்டைத் தொகையோடு சேர்த்து வையுங்கள். டாலர் என்று மட்டும் எழுதினால் அமெரிக்க டாலரா, ஆஸ்திரேலிய டாலரா, சிங்கப்பூர் டாலரா?

நேரம் இதைவிட நுட்பமான விஷயம். வரப்போகும் பயணங்களுக்கு உள்ளூர் நேரத்தையும், அந்த நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். ‘கிரீன்விச்சிலிருந்து இத்தனை மணி’ என்று மட்டும் வைத்தால், இடையில் அந்த நாட்டு அரசு விதியை மாற்றும்போது உங்கள் பட்டியல் பிசகிவிடும். சமோவா 2011-ல் சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. டிசம்பர் 29-க்கு அடுத்த நாள் அங்கே டிசம்பர் 31. டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. இப்படிப்பட்ட மாற்றங்களையெல்லாம் கவனித்து, உலகின் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் கொண்டு சேர்க்கும் நேர மண்டலத் தரவுத்தளம் பொதுச்சொத்தாக, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் நடக்கிறது. திறந்த தரவு இல்லாமல் பயணத் தொழில் ஒரு நாள்கூட ஓடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

கடவுச்சீட்டு நகல்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சிதறிக் கிடக்கும் அவற்றை ஒரே மறையாக்கம் செய்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சொந்தக் கோப்புச் சேவையில், யார் பார்க்கலாம் என்று வரையறுத்து வைக்கலாம். பயணம் முடிந்து, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலமும் கடந்ததும் அழித்துவிடுங்கள். நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

படி 3: எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. விமான இருக்கைகளை முகவர்களுக்குக் காட்டி விற்பது சேபர், அமாடியஸ் போன்ற உலகளாவிய விநியோக அமைப்புகள். அதற்குத் திறமூல மாற்று கிடையாது. சேபரோ அமாடியஸோ மொத்த டிக்கெட் விற்பனையாளரோ, அவர்கள் வழியாகவே போங்கள். உங்கள் பங்குக்கு, டிக்கெட் விவரம் உங்கள் தரவுத்தளத்துக்கும் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

அட்டைப் பணம் வாங்குவதும் அப்படியே. அட்டை எண்ணை உங்கள் சர்வரில் ஒரு நொடிகூட வைக்காதீர்கள். பணச் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பி, பணம் வந்த செய்தியை மட்டும் திரும்பப் பெறுங்கள். அட்டையின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணை, பணம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு யாரும் சேமிக்கவே கூடாது என்பது அட்டைத் தரவுப் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் விதி. அதைத் தொலைபேசியில் கேட்டு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. விலைப்பட்டியல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துவிட்டால் வியாபாரம் போச்சு. டொமைன் உங்களுடையதாக இருந்தால், சேவையாளரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: இணையதளம்

இணையதளம் அமைக்க 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் இன்றும் பாதுகாப்பான தேர்வு. ஆள் கிடைப்பது எளிது, தமிழ் இடைமுகம் உண்டு, ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினாலும் தளம் அப்படியே கூட வரும். பல மொழி, பல கிளை, சிக்கலான உள்ளடக்கம் என்றால் அதே வகையைச் சேர்ந்த ட்ரூபல். கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களைக் குறைவாக வையுங்கள். பாதுகாப்புக் கோளாறுகள் பெரும்பாலும் கைவிடப்பட்ட பிளகின் வழியாகத்தான் வருகின்றன.

பலர் கவனிக்காத ஒன்று: ஸ்கீமா டாட் ஆர்க். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் 2011-ல் சேர்ந்து தொடங்கிய பொதுச் சொல்தொகுதி இது. ஓட்டல், சுற்றுலாப் பயணம், பார்வையிடம், நிகழ்ச்சி, விலை என்று ஒவ்வொன்றையும் தேடுபொறிக்குப் புரியும்படி உங்கள் பக்கத்திலேயே குறித்து வைக்கலாம். இடைத்தரகர் தளத்துக்குப் போகாமல் உங்களையே நேரில் கண்டுபிடிக்க இது உதவுகிறது. தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கிட மடோமோ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டால் அந்தத் தரவும் உங்கள் சர்வரிலேயே தங்கும்.

படி 5: அலுவலகத்தின் உள்வேலை

விசாரணை வந்தது முதல் பணம் முழுதாக வந்து சேர்வது வரை ஓடும் வேலைக்கு மூன்று பெயர்களைச் சொல்வேன். டோலிபார் எளிமையானது, சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ஐந்தாறு பேர் இருக்கும் அலுவலகத்துக்குப் போதும். இஆர்பி நெக்ஸ்ட் முழுக் கணக்கியலோடு வருகிறது. ஓடூவின் சமுதாயப் பதிப்பு அழகானது, ஆனால் முழுமையான கணக்கியல் அதன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். தங்கும் விடுதி நடத்துபவர்கள் குளோ ஆப்ஸைப் பார்க்கலாம். அறை இருப்பு, விலை, இணைய முன்பதிவு எல்லாம் அதில் உண்டு.

எதை எடுத்தாலும் முதலில் உரிமத்தைப் படியுங்கள். ஜிபிஎல் உரிமமுள்ள மென்பொருளை உங்கள் அலுவலகத்துக்குள் எவ்வளவு மாற்றினாலும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. மாற்றியதை வெளியே விநியோகித்தால் மூல நிரலையும் தர வேண்டும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே: நீங்கள் மாற்றிய பதிப்பை மற்றவர்கள் இணையம் வழியாகப் பயன்படுத்தினாலே அவர்களுக்கு மூல நிரல் கிடைக்கச் செய்ய வேண்டும். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் கட்டுப்பாடு குறைவு.

அப்புறம் அந்தத் திட்டத்தின் உடல்நிலையைப் பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? பயனர்கள் புகார் சொன்னால் யாராவது பதில் தருகிறார்களா? ஒரே நிறுவனம் மட்டும் எழுதுகிறதா, பலர் எழுதுகிறார்களா? உதவிக்குக் கூப்பிட ஒருவருக்கு மேல் ஆள் இருக்கிறார்களா? ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் உரிமம் மாறும் அபாயம் உண்டு. இணைய வரைபடங்களுக்கான மேப்பாக்ஸ் நூலகத்துக்கு 2020 டிசம்பரில் அதுதான் நடந்தது. புதிய பதிப்பு திறமூலமாக இல்லை. ஆனால் பழைய பதிப்பு திறந்த உரிமத்தில் இருந்ததால் பலரும் சேர்ந்து அதை மேப்லிப்ரே என்ற பெயரில் முன்னெடுத்தார்கள். அதைச் சார்ந்திருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை.

படி 6: வரைபடமும் பயணத் திட்டமும்

திறந்த தரவின் பலன் கண்ணுக்கு முன்னால் தெரியும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பேசலாம்.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரையும் வரைபடம். மலைப்பாதை, குடிநீர்க் குழாய், சக்கர நாற்காலி போகும் வாசல், படிக்கட்டின் எண்ணிக்கை என்று வணிக வரைபடங்கள் விட்டுவிடும் விவரங்கள் பல இடங்களில் அதில் இருக்கும். முதியவர்களைக் கூட்டிப்போகும் நிறுவனத்துக்கு இது தங்கம். எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் இருக்காது. போகும் இடத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இணையதளத்தில் வரைபடம் காட்ட லீஃப்லெட் போதும், எடை குறைவு. நளினமாகச் சுழலும் வரைபடம் வேண்டுமென்றால் மேப்லிப்ரே. பயண நேரத்தையும் தூரத்தையும் கணக்கிட ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வால்ஹல்லா ஆகிய மூன்றும் சொந்த சர்வரில் ஓடும்.

சில ஒழுங்குகள் உண்டு. வரைபடத்தின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பிடுவது கட்டாயம். அவர்களுடைய பொது சர்வர் நன்கொடையில் ஓடுவது. முகவரி தேடும் நாமினாட்டிம் சேவையில் நொடிக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம், வரைபடப் படங்களை மொத்தமாக இறக்கக்கூடாது. கூட்டம் வரும் தளம் என்றால் கட்டணச் சேவையோ சொந்த சர்வரோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுதிப் பட்டியலை வரைபடத்தின் மேல் தனி அடுக்காகக் காட்டினால் அது உங்களுடையதாகவே இருக்கும். அவர்களுடைய தரவோடு கலந்து புதுத் தரவுத்தளம் உருவாக்கி வெளியிட்டால்தான் அதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டி வரும்.

பயணிக்கு என்ன கொடுக்கலாம்? அன்றன்றைய வழியை ஜிபிஎக்ஸ் என்ற வழித்தடக் கோப்பாகக் கொடுங்கள். ஓஎஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும் திறமூலச் செயலிகள். சிக்னல் கிடைக்காத மலையில் ‘இப்போது எங்கே நிற்கிறோம்’ என்று தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். பயணத்துக்கு முன்பே அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். ஒரு முறை உட்கார்ந்து செய்து காட்டினால் இன்னும் நல்லது.

பொதுப் போக்குவரத்து நேர அட்டவணைக்கு ஜிடிஎஃப்எஸ். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து 2005-ல் உருவாக்கிய வடிவம். நிறுத்தம், தடம், நேரம், ஓடும் நாள்கள் என்று சில எளிய எழுத்துக் கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டியது, அவ்வளவுதான். அந்த எளிமையால்தான் உலகம் முழுவதும் பரவியது. நீங்கள் போகும் ஊருக்கு இந்தக் கோப்பு வெளியாகியிருந்தால், ஓப்பன் டிரிப் பிளானர் என்ற வழி தேடும் மென்பொருளில் ஏற்றி ‘விடுதியிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பேருந்தில் எப்படிப் போவது’ என்பதைத் திட்டத்திலேயே எழுதித் தரலாம். நாள்காட்டிக் கோப்பில் இறுதித் தேதி இருக்கும். அது கடந்திருந்தால் அந்த நேரத்தை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள்.

ஊர் விவரங்களுக்கு, யாரும் எழுதித் திருத்தக்கூடிய பயண வழிகாட்டித் தளமான விக்கிவோயேஜ். இதன் கதையே திறந்த உரிமத்துக்கு ஒரு பாடம். 2003-ல் தொடங்கிய விக்கிடிராவல் என்ற தளத்தை 2006-ல் ஒரு நிறுவனம் வாங்கியது. அதில் உடன்பாடில்லாத ஜெர்மன் மொழிப் பங்களிப்பாளர்கள் அதே வருடம் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு தனியே விக்கிவோயேஜ் தொடங்கினார்கள். பிறகு மற்ற மொழியினரும் சேர, 2013 ஜனவரியில் அது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் திட்டங்களில் ஒன்றானது. அவர்கள் எழுதியது திறந்த உரிமத்தில் இருந்ததால் அதை யாராலும் தடுக்க முடியவில்லை. அதிலிருந்து நீங்களும் எடுத்து உங்கள் கையேட்டில் சேர்க்கலாம், வணிக நோக்கத்துக்கும் தடையில்லை. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பகுதியை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

படி 7: வெளி உலகத்தோடு இணைப்பு

அறையோ சுற்றுலாவோ பல தளங்களில் விற்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம், ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடுவது. பலரும் ஐகேல் இணைப்பில் தொடங்குவார்கள். ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணில் 2009-ல் வெளியான நாள்காட்டித் தரநிலை அது. இலவசம், எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். எந்த நாள் காலி, எந்த நாள் நிரம்பியது என்பதை மட்டும்தான் முன்பதிவுத் தளங்கள் அதன் வழியாகப் பகிர்கின்றன, விலை போகாது. அதோடு, ஒவ்வொரு தளமும் தனக்கு வசதியான நேரத்தில் வந்து படித்துக்கொண்டு போகும். சில மணி நேர இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளியில் இரண்டாவது முன்பதிவு விழும்.

இரண்டு மூன்று அறை வைத்திருப்பவருக்கு ஐகேல் சரி. கூட்ட நாள்களில் மட்டும் ஒரு தளத்தைத் தவிர மற்றவற்றில் மூடி வையுங்கள். அதற்கு மேல் போனால் ஏபிஐ வழியாக, அதாவது இரண்டு மென்பொருள்கள் நேரடியாகப் பேசும் வாசல் வழியாக, உடனுக்குடன் பேசும் இணைப்பு வேண்டும். அதைத் தரும் நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: உங்கள் ஏபிஐ ஆவணம் வெளிப்படையாக இருக்கிறதா? அதை ஓப்பன் ஏபிஐ என்ற பொது வடிவில் தருவீர்களா? ஒப்பந்தம் முடிந்தால் என் வரலாறு எனக்கு வருமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சுற்றுலாக்கள், நுழைவுச்சீட்டுகள், செயல்பாடுகள் விற்பவர்களுக்கு ஆக்டோ என்ற திறந்த தரநிலை இருக்கிறது. இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, சிறிது நேரம் பிடித்து வைப்பது, உறுதி செய்வது, ரத்து செய்வது எல்லாவற்றுக்கும் பொது வடிவம். இதைப் பேசும் விற்பனைத் தளம் ஒன்றோடு இணைந்துவிட்டால், அடுத்தது வரும்போது வேலை பாதிதான்.

படி 8: சர்வர், அப்டேட், பேக்கப்

நிரல் எல்லோருக்கும் தெரிவதால் திறமூலம் ஆபத்து என்று சிலர் பயப்படுவார்கள். ஆபத்து வருவது அப்டேட் செய்யாமல் விடுவதால். 2014 அக்டோபர் 15-ல் ட்ரூபல் ஒரு பெரிய ஓட்டையையும் அதற்கான திருத்தத்தையும் ஒன்றாக அறிவித்தது. அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாரம் கழித்து அவர்களே எச்சரித்தார்கள். ஒளிக்காமல் சொல்லும் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நேர்மை பயன்பட வேண்டுமென்றால் உங்கள் பக்கம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். அலுவலகத்தில் யாரும் இல்லையென்றால் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். உரிமத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி இதற்குத்தான்.

பேக்கப்புக்கு ஒரு எளிய விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு காலிக் கணினியில் முழுதாக மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதோடு ஒரு பழைய வழக்கத்தையும் விடாதீர்கள். அடுத்த மூன்று நாள் புறப்படும் பயணிகளின் பட்டியலைத் தினமும் மாலையில் ஒரு தாளில் அச்செடுங்கள். சர்வர் நின்றாலும் வண்டி கிளம்ப வேண்டும்.

படி 9: மாறும் வாரம்

சீசன் முடிந்த பிறகு மாறுங்கள். முதலில் ஒரே ஒரு சுற்றுலாத் தொகுப்பை மட்டும் புது அமைப்பில் நடத்துங்கள். விசாரணை, விலை, முன்பணம், ரத்து, பணம் திருப்புதல் என்று முழுச் சுற்றும் ஓடட்டும். ரத்தும் பகுதித் திருப்பமும்தான் எல்லா மென்பொருளையும் திணறடிக்கும். அதை வேண்டுமென்றே சோதியுங்கள். பிறகு ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். இரண்டிலும் வாரக் கடைசி இருப்புத் தொகை ஒத்துப்போனால் பழையதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம்.

ஊழியர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். பத்து வருடம் ஒரே திரையில் வேகமாக வேலை செய்தவருக்குப் புதுத் திரை சங்கடம் தரும். அந்த வேகத்தை அவர் திரும்ப அடைய நேரம் கொடுக்க வேண்டும். ‘இந்தப் பெயர் புரியவில்லை, இந்தப் பொத்தான் இங்கே இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று அவர்கள் சொல்வதை எழுதி வைத்து, முடிந்ததை உடனே மாற்றிக் கொடுங்கள். திறமூலத்தில் அது முடியும். தாங்கள் சொன்னது திரையில் மாறி நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 10: கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வழிகாட்டிகள் தினமும் களத்தில் நடக்கிறார்கள்; வரைபடத்தில் இல்லாத பாதையும், மூடிப்போன உணவகமும், புதிதாக வந்த கழிப்பறையும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஐந்து திருத்தங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பதை வழக்கமாக்குங்கள். கைப்பேசியிலேயே செய்ய ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி இருக்கிறது. ‘இந்த வாசலில் சக்கர நாற்காலி போகுமா?’ என்று அதுவே கேட்கும், நின்ற இடத்திலிருந்து பதில் சொன்னால் போதும். வணிக வரைபடத்தைப் பார்த்து நகல் எடுத்துச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சேருங்கள். நீங்கள் சேர்த்த பாதை, அடுத்த முறை நீங்கள் அனுப்பும் குடும்பத்தின் கைப்பேசியில் இருக்கும்.